கல்லறை உண்டு அவனுக்கு! கணக்கேனும் உண்டா நமக்கு?

“எங்கே என் பாட்டன்?” என்று கேட்கிறான் மலேசியத் தமிழன். பதில் சொல்ல ஏடு இல்லை. காட்டுவதற்கு மேடும் இல்லை!

சயாம் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட தாய்லாந்திலே, காஞ்சனபுரியிலே, போர்வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. காமன்வெல்த் நாட்டார் 5,084 பேர்; டச்சுக்காரர் 1,896 பேர். இலண்டனிலிருந்து வருகிறான் பேரன், பாட்டன் பெயரைப் படிக்கிறான், மலர் வைக்கிறான், மனம் ஆறிச் செல்கிறான். செல்லட்டும், அது அவன் உரிமை. நமது பேரன் எங்கே மலர் வைப்பான், தோழர்களே?

1942-ல் மலேயா ஜப்பானியர் பிடியில் சிக்கிற்று. இரப்பர் தோட்டங்கள் முடங்கின. கூலி தருவதாக ஆசை காட்டியும், அகப்பட்டவரை லாரியில் அள்ளிப் போட்டும் தமிழரைக் கொண்டு சென்றனர். பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இரயில் பாதை! மலையைப் பிளந்தான், மரத்தை வீழ்த்தினான், மண்ணைச் சுமந்தான் தமிழன். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதற்குள் பல்லாயிரம் பேர் வாழ்வும் முடிந்தது! வாந்திபேதியில் விழுந்தவரைக் குழியில் தள்ளினர், கொளுத்தினர்.

மாண்ட ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர்? 80,000 முதல் 1,00,000 வரை என்பது ஒரு மதிப்பீடு. கவனியுங்கள், இடைவெளி மட்டும் 20,000! பட்டாளத்தானுக்கு ஒற்றை இலக்கம் வரை கணக்கு, பாட்டாளிக்குக் குத்துமதிப்பு!

ஏன் இந்த வேற்றுமை? போர்க் கைதிகள் இறந்தோர் விவரத்தை மறைத்து வைத்தேனும் எழுதினர். 1945-ல் போர் ஓய்ந்ததும் ஒரு குழு பாதை நெடுகச் சென்று 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டு குறித்தது. தோட்டத் தமிழனுக்காக எழுதியவர் யார்? தேடிச் சென்றவர் யார்? 1990-ல் காஞ்சனபுரிக் கரும்புக் காட்டைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர் என்றார்கள். பெயர்? ஒன்றுகூட இல்லை!

2023-ல் அந்த ஊர் பௌத்தக் கோவிலிலே தமிழருக்கு நடுகல் எழுந்தது. நெஞ்சு நிமிர்கிறது! ஆனால் நடுகல் என்றால் மாண்டவன் பெயரைச் சொல்ல வேண்டுமே! பொறிக்கப் பெயர் வேண்டாமா?

பெயர் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மலேசியத் தோட்ட வீட்டுப் பாட்டியின் நினைவிலே இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூரில், மலேயாவிலிருந்து வந்து, பிறகு நின்றே போன கடிதத்திலே இருக்கிறது. போனவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், சொந்த ஊர் ஆகிய நான்கையும் கேட்டு எழுதுங்கள்! 1943-ல் பத்து வயதுச் சிறுமி இன்று தொண்ணூறைத் தாண்டிய கிழவி. நாளை கேட்கலாம் என்பீரேல், நாளை அவர் இருப்பாரா?

புதைத்த இடம் தெரியாமற் போகலாம். பெயரையும் புதைக்கலாமா? எடுங்கள் எழுதுகோலை!