முதுகு ஒடிந்தாலும் வாழ்வு ஒடியாது

போடிநாயக்கனூரைத் தாண்டி மலை ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் ஏலத் தோட்டங்கள். காலையில் ஜீப்புகள் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும். மாலையில் இறங்கும்.

தோட்டத்தில் நிழல் மரங்களைக் கவாத்துச் செய்ய ஆட்கள் உச்சிக் கிளை வரை ஏறுவார்கள். மிளகு பறிக்க ஏணியில் நிற்பார்கள். ஈரக் கிளையில் கால் வழுக்கினால்? ஜீப் பள்ளத்தில் உருண்டால்? கால் முறிந்தால் கட்டுப் போடலாம், கூடிவிடும். தண்டுவடம் அடிபட்டால் அப்படி அல்ல.

தண்டுவடம் எது?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. பல சிறு எலும்புகள் அடுக்கிய தூண். அதன் நடுவே மூளையிலிருந்து ஒரு நரம்புக் கயிறு இறங்குகிறது. சுண்டு விரல் பருமன். ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். அதுவே தண்டுவடம். "நட" என்ற உத்தரவு அதன் வழியே காலுக்குப் போகிறது. "சுடுகிறது" என்ற செய்தி அதன் வழியே மூளைக்கு வருகிறது.

கழுத்தில் அது அறுந்தால் கை, கால் நான்கும் ஓயும். நடு முதுகில் அறுந்தால் கால்கள் ஓயும். பாதி மட்டும் கெடுவதும் உண்டு. வயதானவர் முகங்குப்புற விழுந்தால், சில சமயம் கால் நடக்கும், கைதான் ஓய்ந்துவிடும். வலப் பாதி மட்டும் வெட்டுப்பட்டால், வலது கால் அசையாது. இடது காலில் சூடு தெரியாது! 19-ம் நூற்றாண்டில் இதை விளக்கியவர், மொரீஷியஸ் தீவில் பிறந்த டாக்டர் பிரௌன் சீக்கார்.

தூக்காதீர்கள்!

ஒருவர் விழுந்ததும் நாலு பேர் ஓடி வருகிறார்கள். கையைப் பிடித்துத் தூக்கி, ஜீப்பில் உட்கார வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒடிந்த எலும்பு அசைந்து, தப்பியிருந்த நரம்பையும் நசுக்கிவிடும்.

ஆகவே அவரை அசைக்காதீர்கள். தலையை ஒருவர் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளட்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். நகர்த்தியே தீரவேண்டும் என்றால், தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே நேராக இருக்க, நாலைந்து பேர் சேர்ந்து பலகையில் கிடத்துங்கள்.

விழுந்ததைவிடப் பெரிய ஆபத்து

முன்காலத்தில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டில் இறந்தார்கள். கொன்றது காயம் அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் கோளாறும்தான். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 1944-ல் பொறுப்பேற்ற டாக்டர் குட்மன் இதை மாற்றிக் காட்டினார். இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார்.

உணர்ச்சி இல்லாத தோலுக்கு வலி தெரியாது. அதனால் வீட்டார்தான் கண்ணாக இருக்க வேண்டும். தினமும் பிட்டம், குதிகால், இடுப்பு ஓரங்களைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அந்த இடத்தை அழுத்த விடாதீர்கள். சுடுநீர்ப் பை வைக்காதீர்கள். சிறுநீரைத் தேங்க விடாமல், டாக்டர் சொன்ன நேரப்படி குழாய் போட்டு இறக்குங்கள்.

கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டையிடி கண்டு, முகம் வியர்த்தால், ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நாற்காலியில் ஒரு டாக்டர்

"இனி என்ன வாழ்வு?" என்று கலங்குவோருக்கு வேலூர் பதில் சொல்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்தவர் மேரி வர்கீஸ். 1954-ல் மோட்டார் விபத்தில் அவருடைய இரு கால்களும் ஓய்ந்தன. அவர் ஒதுங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தென்காசி அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலற்றுப் போனார். அவரே 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உடல் ஊனமுற்ற எத்தனையோ பேருக்கு இன்று அது துணை நிற்கிறது.

அறுந்த தண்டுவடத்தை ஒட்ட வைக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால் புண் வராமல் காப்பதற்கு மருந்து வேண்டாம். இரண்டு மணிக்கு ஒரு முறை நீளும் ஒரு கை போதும்.