இரட்டை வரிசைப் பல்

"டாக்டரே, பிள்ளைக்குப் பல்லு ரெண்டு வரிசையா முளைச்சிருக்கு!"

நாகர்கோவிலில் என் கிளினிக்குக்கு வரும் அம்மாக்கள் அதிகம் பதறுவது இதற்குத்தான். 6, 7 வயதில் கீழ்வரிசைப் பால்பல் விழுமுன்பே அதன் உள்பக்கம் நிலைப்பல் எட்டிப்பார்க்கும். பால்பல்லின் வேர் முழுதும் கரையாததே காரணம். ஆடுகிற பல் என்றால் தேங்காய்ச் சில்லைக் கடிக்கக் கொடுங்கள், விழுந்துவிடும். ஆடாமல் மாதக்கணக்கில் நின்றால்தான் பிடுங்க வேண்டும். நாக்கு தள்ளித் தள்ளிப் புதுப்பல் முன்னே வரும். அதன் விளிம்பு ரம்பம்போல் இருப்பதும் இயல்பே, தேய்ந்து நேராகும்.

மேல் முன்பற்களின் இடைவெளி, கோரைப்பல் முளைக்கும் 11, 12 வயதில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

பால்பற்கள் 20. அவற்றுக்குப் பின்னால் 6 வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலைப்பல். பால்பல்தானே என்று அதைச் சொத்தையாக விடாதீர்கள். போனால் மறுபடி முளைக்காது.