கழற்றும் முன் பிரதி எடுங்கள்!

பிள்ளைகள் ஆறு மாதம் ஆடிச் சேர்த்த வெற்றிகள் ஒரே நாளில் அழிந்து போகுமா? போகும்!

ஜப்பானின் சோனி கம்பெனி 2013-ம் ஆண்டு 'பிளேஸ்டேசன் 4' என்ற விளையாட்டு எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆடிய கணக்கெல்லாம் அதற்குள் இருக்கும் 'ஹார்டு டிஸ்க்'கில்தான் பதிவாகும். உள்ளங்கை அளவுப் பெட்டி அது. உள்ளே தட்டு சுழல்கிறது. சுழலும் பொருள் தேயாமல் இருக்குமா? பழுதாகும் முன்பே மாற்றி விடலாம்.

கழற்றுவது சுலபம். மின்சாரத்தைத் துண்டித்து, பளபளப்பான மேல்மூடியை நகர்த்தினால் ஒரு திருகாணி தெரியும். அதன் தலையில் முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறி பொறித்திருக்கும். தேடி அலைய வேண்டியதில்லை!

ஆனால் அதற்கு முன், உள்ளே இருப்பதை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வென்ற 'டிராபி'கள் அந்தப் பிரதியில் சேராது! இன்டர்நெட் வழியாக அவற்றை முன்கூட்டியே சோனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பி விட வேண்டும்.

புது டிஸ்க் வெறும் பானை. சோனியின் இணையதளத்தில் இருந்து முழு மென்பொருளையும் 'பென் டிரைவ்'வில் எடுத்து வந்து ஏற்றினால்தான் எந்திரம் கண் விழிக்கும். பிறகு பிரதியைத் திரும்ப ஏற்றினால், பையன் விட்ட இடத்தில் இருந்தே ஆடலாம்.