தாளுக்கேற்ற படம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயங்கும் தினமணி போன்றதொரு நாளிதழுக்குச் செல்லும் ஒளிப்படமும், பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அச்சாகும் நூலுக்குச் செல்லும் ஒளிப்படமும் ஒரே கேமராவில் எடுக்கப்பட்டவையாக இருப்பினும், அவற்றை ஒரே முறையில் அச்சுக்கு ஆயத்தம் செய்ய இயலாது. ஏனெனில் படம் எப்படி வரும் என்பதைக் கேமராவைவிடத் தாளே தீர்மானிக்கிறது.

அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று எல்லோரும் ஒப்பிக்கும் விதியும் தாளிலிருந்து பிறந்ததே. ஆஃப்செட் அச்சு நிறச்சாயல்களை நுண்புள்ளிகளின் வரிசைகளாக மாற்றி அச்சிடுகிறது. ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 150 வரிசைகள் வழக்கம் என்பதால் அதன் இருமடங்கு பிக்சல் கேட்கப்படுகிறது. 100 வரிசைகளைத் தாங்கும் நாளிதழுக்கு 200 போதும். 6,000 பிக்சல் அகலமுள்ள 24 மெகாபிக்சல் படம், 300 என்ற கணக்கிலும் 20 அங்குல அகலம்வரை ஈடுகொடுக்கும்.

உண்மையான சிக்கல் மையில் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து திரை காட்டும் படத்தை, அச்சகம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் ஆக்குகிறது. இம்மைகள் எட்ட முடியாத நிறங்கள் திரையில் பல உண்டு என்பதால், செம்பரம்பாக்கம் ஏரியின் மேல் விரிந்த அடர்நீல வானம் அச்சில் மங்கியோ ஊதாச் சாயலேறியோ வந்துவிடக்கூடும். நான்கு மைகளும் முழு அளவில் ஓரிடத்தில் விழுந்தால் மொத்தம் 400 விழுக்காடாகும். பூச்சுள்ள ஆர்ட் பேப்பர் 300 விழுக்காட்டைச் சற்று மீறியும் தாங்கும். மையை உறிஞ்சும் நாளிதழ்த்தாளோ ஏறத்தாழ 240 விழுக்காட்டுடன் நின்றுவிடும். அதைத் தாண்டினால் மை மறுபக்கத்தில் தெரியும், அடுத்த தாளில் ஒட்டும், வாசகர் விரலிலும் ஏறும். ஆகவே மூன்று வண்ண மைகள் கூடி உண்டாக்கும் சாம்பல் பகுதியைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கறுப்பு மையை இடுகிறார்கள். உறிஞ்சும் தாளில் புள்ளியும் பரவும்: 50 விழுக்காட்டுப் புள்ளி நாளிதழில் ஏறத்தாழ 75 விழுக்காடாகத் தடித்துவிடுவதால்தான் நிழலில் நிற்கும் முகங்கள் கரிந்துபோகின்றன.

இவையனைத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பது, குறிப்பிட்ட எந்திரம், மை, தாள் ஆகியவற்றின் இயல்பை அளந்து எழுதப்பட்ட ஐசிசி புரொஃபைல் என்னும் சிறு கோப்பு. அதை அச்சகத்திடம் கேட்டு வாங்காமல் மென்பொருளில் கிடப்பதைக் கொண்டு நிறமாற்றம் செய்வது வீண்வேலை. சரியான புரொஃபைலை இட்ட பின்னும் ‘நாளிதழ்தானே’ என்று கையால் மேலும் வெளுக்கச் செய்தால் படம் சோகை பிடித்ததுபோல் ஆகும். கூர்மையூட்டலோ, அச்சாகும் அளவு முடிவான பின்னர் செய்ய வேண்டிய கடைசி வேலை.

ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலிருந்து விழாப் படங்களை நாளிதழ்களுக்கு அனுப்புவோர், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பிக்சல்கள் குறைந்துவிடும் என்பதால், மூலக் கோப்பையே மின்னஞ்சலில் அனுப்பி, நிறமாற்றத்தை அச்சகத்தாரிடம் விட்டுவிடுவது நல்லது.