வெள்ளை மாளிகைக்குள் நுழைந்த பெரணித் தொட்டிகள்!

பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, கடைசிக் கறுப்பின அதிபராக இருப்பது எப்படி இருக்கிறது என்று முகத்துக்கு நேராக ஒருவர் கேட்டார், தெரியுமா? அதுவும் வெள்ளை மாளிகைக்குள்ளேயே! கேட்டவர் ஸாக் கலிஃபியனாகிஸ். 'ஹேங்ஓவர்' படத்தின் தாடிக்காரர் என்றால் சட்டென்று பிடிபடும். பதில் சொன்னவர் பராக் ஒபாமா. அதிபர் ஒருவரிடம் பேசக் கிடைத்த கடைசி வாய்ப்பு இதுதான் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று அவர் திருப்பிக் கொடுத்தார் பாருங்கள், அப்படி ஒரு அடி!

'பிட்வீன் டூ ஃபெர்ன்ஸ்' என்ற அந்தப் போலிப் பேட்டி நிகழ்ச்சி 2008-ல் 'ஃபன்னி ஆர் டை' என்ற இணையதளத்தில் தொடங்கியது. முதல் விருந்தாளி நடிகர் மைக்கேல் செரா. செட் என்ன தெரியுமா? கறுப்புத் திரை, இரண்டு நாற்காலி, இரண்டு பக்கமும் பெரணிச் செடித் தொட்டி. அவ்வளவுதான்! உள்ளூர் கேபிள் சேனலின் தீபாவளி வாழ்த்து நிகழ்ச்சிக்குக்கூட இதைவிட ஜோடனை இருக்கும். ஹாலிவுட் நட்சத்திரங்கள் தாங்களாகவே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். திரையின் அடியில் அவர்கள் பெயரையே தப்புத் தப்பாகப் போடுவார்கள். எல்லாம் வேண்டுமென்றே செய்வது! தொகுப்பாளர் கையில் ஒரு தாள் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவமானப்படுத்துவார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வராது.

இந்த வம்புக்கு ஒபாமா ஏன் சம்மதித்தார்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. அவருடைய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்காக 2013 அக்டோபர் 1-ல் திறந்த அரசு இணையதளம், திறந்த அன்றே படுத்துவிட்டது. நாடே கேலி செய்தது. 2014 மார்ச் 31-க்குள் இளைஞர்கள் பெருமளவில் பதிவு செய்தாக வேண்டும். ஆரோக்கியமான இளசுகள் சேர்ந்தால்தான் காப்பீட்டுக் கணக்கு சரிக்கட்டும். அந்த வயதுக்காரர்களோ மாலைச் செய்தி பார்ப்பதே இல்லை. ஆகவே அதிபரே பெரணிச் செடிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார்! மார்ச் 11 அன்று வீடியோ வெளியானது. அன்று வேறு எந்தத் தளத்தைவிடவும் 'ஃபன்னி ஆர் டை'யில் இருந்துதான் அரசுத் தளத்துக்கு அதிகம் பேர் வந்தார்கள். முந்தின நாளைவிட வருகை 40 சதவீதம் கூடியது. அந்த ஆண்டே எம்மி விருதும் கிடைத்தது. ஒரு முட்டாள் கேள்வி, ஒரு முறைப்பு, நடுவில் நைசாக ஒரு சட்டத்தின் விளம்பரம்! அரசு விளம்பரத்துக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அதற்கு முன் யார் நினைத்தார்கள்?

விருந்தாளிக்கு விவரம் தெரிந்து நடந்தது இது. ஒன்றுமே தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் கதை தெரியுமா? பிரிட்டனின் சேனல் 4-ல் 1998-ல் அறிமுகமானார் அலி ஜி. மஞ்சள் உடை, கறுப்புக் கண்ணாடி, தலையோடு ஒட்டிய குல்லா, மண்டைக்குள் ஒன்றும் கிடையாது. பேட்டிக்கு வருபவர்களிடம் இளைஞர்களுக்கான கல்வி நிகழ்ச்சி என்று சொல்லி வைத்திருப்பார்கள். கோட்டு சூட்டோடு கண்ணியமான ஒருவர் உள்ளே வருவார். கூடவே கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலி ஜி வருவார். யாரோ எடுபிடி என்று விருந்தாளி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கேமரா ஓடத் தொடங்கிவிடும், எதிர் நாற்காலியில் எடுபிடி உட்கார்ந்திருப்பார்! நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரினிடம் அவர் கேட்டது, லூயி ஆம்ஸ்ட்ராங்மேல் பொறாமையாக இருந்ததா என்று. லூயி ஆம்ஸ்ட்ராங் எக்காளம் வாசித்த ஜாஸ் மேதை! ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் பூட்ரோஸ் காலி, டிஸ்னிலேண்ட் ஐ.நா. உறுப்பு நாடா என்ற கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அலி ஜியாக நடித்த சாஷா பேரன் கோஹன் படித்தது என்ன தெரியுமா? கேம்பிரிட்ஜில் வரலாறு! அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் யூதர்களின் பங்கு பற்றி ஆய்வேடு எழுதியவர். அந்த மடத்தனத்துக்குப் பின்னால் இருந்த படிப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இன்னொரு அதிசயம், ஒரு கார்ட்டூன் சூப்பர் ஹீரோவே பேட்டி எடுத்தார்! 1966-ல் வந்த 'ஸ்பேஸ் கோஸ்ட்' தொடரின் பழைய படச்சுருள்களை வெட்டி ஒட்டி 1994-ல் கார்ட்டூன் நெட்வொர்க் ஒரு பேட்டி நிகழ்ச்சி தயாரித்தது. பழைய வில்லன்களில் ஒருவன் வாத்தியக் கோஷ்டித் தலைவன், இன்னொருவன் இயக்குநர்! விருந்தாளிகள் மட்டும் நிஜ மனிதர்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலைப் படம்பிடித்துக்கொண்டு, பிறகு அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திவிடுவார்கள். தான் எதற்குப் பதில் சொன்னோம் என்பதே ஒளிபரப்பைப் பார்த்தால்தான் விருந்தாளிக்குத் தெரியும்.

இத்தனையிலும் ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு மிஸஸ் மெர்ட்டனுக்குத்தான். நரைத்த முடி, பெரிய கண்ணாடி, பூப்போட்ட உடை, பாசமான பாட்டி. வேடத்துக்குள் இருந்த கரோலின் அஹெர்னுக்கு அப்போது முப்பது வயதுதான் தாண்டியிருந்தது! எதிரே இருந்தவர் டெபி மெக்கீ, மேஜிக் நிபுணர் பால் டேனியல்ஸின் மனைவி. கோடீஸ்வரரான பால் டேனியல்ஸிடம் முதன்முதலில் உங்களைக் கவர்ந்தது எதுவம்மா என்று பாட்டி கனிவாகக் கேட்டார். 'கோடீஸ்வரர்' என்ற ஒரே சொல்தான் ஊசி. குரலில் துளி விஷம் இல்லை. 1995-ல் கேட்ட அந்தக் கேள்வியை பிரிட்டனில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முரட்டுத்தனம், அறியாமை இரண்டும் ஒருசேரப் பொங்க வேண்டுமென்றால் கனடா நடிகர் மார்ட்டின் ஷார்ட்டிடம் போக வேண்டும். மனிதர் ஒல்லி. பஞ்சு திணித்த உடையும் ஒட்டுமுகமும் மாட்டிக்கொண்டு ஜிமினி கிளிக் என்ற குண்டு நிருபராக மாறினார். 2001 முதல் 2003 வரை காமெடி சென்ட்ரல் சேனலில் அவருக்கென்று தனி நிகழ்ச்சி. குரல் கீச்சென்று தொடங்கும், திடீரென்று அடிவயிற்றுக்கு இறங்கும். விருந்தாளி பேசிக்கொண்டிருப்பார், இவர் தின்பண்டத்தை அடைத்துக்கொண்டிருப்பார். ஒரு சமயம் நாற்காலியோடு குப்புற விழுவார், எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த கேள்விக்குப் போவார். வாத்தியக் குழுவுக்குப் பதில் மூலையில் ஒருவர் யாழ்போன்ற ஹார்ப்பை மீட்டிக்கொண்டிருப்பார்! எதிரில் இருந்தவர்கள் யார் யார்? ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், மெல் புரூக்ஸ், ஸ்டீவ் மார்ட்டின். கிளிக் பேசியதில் பெரும்பகுதி அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. விருந்தாளியின் வாழ்க்கையும் படங்களும் அத்துப்படியாக இருந்தால்தானே அத்தனையையும் குறிபார்த்துத் தப்பாகச் சொல்ல முடியும்!

பெரணித் தொட்டி நிகழ்ச்சி 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் முழுநீளப் படமாகவும் வந்தது. பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். கேள்வியைப் பாதிவரை கேட்டுவிட்டு முடிக்க முடியாமல் ஸாக் குலுங்கிச் சிரிப்பதும், திட்டு வாங்க வந்த நட்சத்திரம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பதும் அங்கேதான் வருகிறது.