பாண்டாக் கரடி அளித்த விடை



நான் பள்ளியில் பணியாற்றிய நாளில், விலங்குகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, பாண்டாக் கரடியை ஒரு மந்தப் பிராணி என்றே கூறிவந்தேன். "குட்டி ஈனவும் நாட்டமில்லாத விலங்கு, மனிதன் தாங்கிப் பிடிக்காவிடில் என்றோ மறைந்திருக்கும்" என்பேன். ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியானால், மனிதன் தாங்குவதற்கு முன் இத்தனை இலட்சம் ஆண்டுகள் அது எப்படி ஐயா வாழ்ந்தது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. மணி அடித்தது, நான் தப்பினேன். ஓய்வு பெற்றபின் படித்தறிந்த விடையை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

பாண்டாவின் தாயகம் மேற்குச் சீனத்து மலைகளில் உள்ள மூங்கிற் காடுகள். அது தனித்து வாழும் விலங்கு. பெண் பாண்டா ஆண்டுக்கு ஒரு முறை, வேனிற்பருவத் தொடக்கத்தில், கருத்தரிக்கும் நிலையை அடைகிறது. அந்நிலை நீடிப்பது ஒன்று முதல் மூன்று நாட்களே. இருந்தும் காட்டில் இது குறையாவதில்லை. பெண் பாண்டா மரங்களில் தன் வாசனையைத் தடவிச் செல்லும். அதை முகர்ந்தறிந்து பல ஆண் பாண்டாக்கள் அங்கே கூடும்; அவை தம்முள் போட்டியிடும். வாசனை, குரல், போட்டி, தேர்வு ஆகிய யாவும் அந்தச் சில நாட்களுக்குள் நிறைவேறிவிடுகின்றன.

மிருகக்காட்சிசாலையில் என்ன நேர்ந்தது? ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஓரிடத்தில் அடைத்துவிட்டு, குட்டியை எதிர்பார்த்தனர். லண்டனில் சி-சி என்னும் புகழ்பெற்ற பெண் பாண்டா இருந்தது. 1966-ஆம் ஆண்டில் அதனை மாஸ்கோவிலிருந்த ஆன்-ஆன் என்னும் ஆணிடம் கொண்டு சென்றனர். 1968-இல் ஆன்-ஆனை லண்டனுக்கு வரவழைத்தனர். இரு முயற்சிகளும் தோற்றன. இளமை முதல் மனிதரிடையே வளர்ந்த சி-சி, தன் இனத்தாரைவிடக் காவலரையே நாடியது என்பது விலங்கியலார் கண்ட காரணம். 1972-இல் வாஷிங்டன் சேர்ந்த இணையோ பத்தாண்டுகளுக்குப் பின்னரே கூடியது. பிறந்த ஐந்து குட்டிகளுள் ஒன்றேனும் சில நாட்களுக்குமேல் பிழைக்கவில்லை.

சீனத்திலே, பெய்ஜிங் மிருகக்காட்சிசாலையில் 1963-இல் முதற் குட்டி பிறந்தது. 1978-இல் செயற்கைக் கருவூட்டல் முறையிலும் குட்டி பிறந்தது. ஆயினும் பெரும் மாற்றம் வந்தது, விலங்கைக் கட்டாயப்படுத்துவதை விட்டு அதனைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கிய பின்னரே. பெண் பாண்டாவின் சிறுநீரைச் சோதித்து உரிய நாளைக் கணித்தனர். ஆணையும் பெண்ணையும் கூண்டு மாற்றி அடைத்து, ஒன்றன் வாசனையை மற்றொன்று அறியச் செய்தனர். தமக்குப் பிடித்த துணையுடன் சேர்க்கப்பட்ட பாண்டாக்கள் மிகுதியாகக் குட்டி ஈனுகின்றன என்பதும் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று.

அடுத்த இடர், குட்டியைக் காப்பது. பிறக்கும்போது குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம்; தாயின் எடையில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு! இரட்டைக் குட்டிகள் பிறந்தால் தாய் பெரும்பாலும் ஒன்றையே பேணும், மற்றொன்று மடியும். எனவே காவலர், தாய்க்குத் தேன் கலந்த நீரைக் கொடுத்து, அது பருகும் வேளையில் ஒரு குட்டியை எடுத்து வெதுவெதுப்பான கண்ணாடிப் பேழையில் வைத்து, மற்றதைத் தாயிடம் சேர்ப்பர். இவ்வாறு மாற்றி மாற்றி இரண்டையும் தாய்ப்பாலிலேயே வளர்த்தனர். 2020-ஆம் ஆண்டில் மனிதர் பாதுகாப்பிலிருந்த பாண்டாக்கள் உலகெங்கும் 600-ஐத் தாண்டியிருந்தன.

அதே 2020-இல், தொற்றுநோயால் ஹாங்காங் பூங்கா மூடப்பட்டிருந்தபோது, பத்தாண்டு முயற்சிக்கும் இணங்காத யிங்-யிங், லெ-லெ என்னும் இணை இயல்பாகவே கூடியது. கூட்டமின்மைதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை, ஆனால் சிந்திக்கத்தக்கது. 2024-இல் யிங்-யிங் இரட்டைக் குட்டிகளை ஈன்றது.

எண்ணிக்கை பெருகினால் மட்டும் போதுமா? போதாது. கூண்டில் பிறந்த சியாங்-சியாங் என்னும் ஆண் பாண்டாவை 2006-இல் காட்டில் விட்டனர். மறு ஆண்டே அது இறந்து கிடந்தது. காட்டுப் பாண்டாக்களுடன் பொருதும் ஆற்றல் அதற்கு இல்லை. அதன்பின் முறையை மாற்றினர். குட்டியைத் தாயே காட்டுச் சூழலில் வளர்த்தது. மனித முகத்தைக் குட்டி காணாதிருக்கக் காவலர் பாண்டா வேடம் பூண்டனர். அவ்வாறு வளர்ந்த தாவ்-தாவ் 2012-இல் காடு புகுந்தது.

ஆசிரியப் பயிற்சியின்போது எனக்குக் கூறப்பட்ட முதற் பாடம், "கற்பிக்குமுன் குழந்தையைக் கவனி" என்பது. குழந்தைகளிடம் அதைக் கடைப்பிடித்த நான், பாண்டாவிடம் கடைப்பிடிக்கவில்லை. குறை விலங்கிடம் இல்லை, கூண்டில் இருந்தது. வாழத் தெரியாத உயிரன்று பாண்டா. அது வாழ வேண்டிய இடத்தை நாம் சுருக்கினோம். அந்த இடம் மூங்கிற்காடு. அக்காடு நிலைத்தால்தான் கூண்டில் பிறந்த குட்டிக்கும் பொருள் உண்டு.

அன்று கேள்வி கேட்ட மாணவி இன்று எங்கிருக்கிறாளோ, அறியேன். அவளுக்கு நான் தர வேண்டியிருந்த விடை இதுதான். காலந்தாழ்த்தியதற்கு அவள் என்னை மன்னிப்பாளாக.