‘ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சிடும்!’ - பழைய காரின் பிரேக்கை நம்பலாமா?

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் மல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிறது பனமரத்துப்பட்டி. சேலத்துக்காரர்களுக்கு இந்த ஊரின் பேரைச் சொன்னதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்த ஏரி. இன்னொன்று, அரளிப் பூ.

இங்கே மட்டுமல்ல, நம் ஊர்ப் பக்கம் பல தோட்டத்து வீடுகளில் இன்னொன்றும் இருக்கும். கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய கார். தாத்தா வாங்கிய அம்பாசடர், அப்பா ஓட்டிய ஃபியட், யாரோ விட்டுவிட்டுப் போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கல்யாணமோ, குலதெய்வக் கோயில் பூஜையோ வந்தால் அந்தக் காருக்கு யோகம் அடிக்கும். பேட்டரி மாற்றி, கார்புரேட்டரைத் துடைத்து, பெயின்ட்டுக்கு பாலிஷ் போட்டு, பூச்சரம் கட்டித் தயார் செய்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு யாராவது கேட்பார்கள், “பிரேக் எப்படிப்பா இருக்கு?”

“கொஞ்சம் கம்மிதான். ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சிடும்!”

இந்த ஒரு பதிலைத்தான் நாம் நம்பக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே குழாயில் நான்கு சக்கரம்

பழைய கார்களின் பிரேக் வேலை செய்யும் விதம் எளிது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன், பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகும். அங்கே இருக்கும் வீல் சிலிண்டர்கள் பிரேக் ஷூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். ஷூவின் மேல் ஒட்டியோ ரிவெட் அடித்தோ இருக்கும் லைனிங் உரசி வண்டியை நிறுத்தும்.

இப்போதைய கார்களில் இந்த ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகிறது. ஒன்று உடைந்தாலும் இன்னொன்று பாதி வண்டியையாவது பிடிக்கும். அமெரிக்காவில் 1968-ம் ஆண்டு மாடல்களிலிருந்தே இது எல்லாக் கார்களிலும் வந்துவிட்டது. ஆனால், 1950, 60-களின் வடிவமைப்பில் வந்த கார்களில் பெரும்பாலும் ஒரே பாதைதான். நான்கு சக்கரங்களில் எங்கேயாவது ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தால் போதும், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. மிச்சம் இருப்பது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பின்னால் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணுக்கு அந்த சீட்டில் பெல்ட்கூட இருக்காது.

ஏற்காடு மலை சொல்லும் கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,200 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கியரை நம்பாமல் பிரேக்கிலேயே இறக்கினால், 50 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் பெரும்பாலும் அந்த நான்கு டிரம்களிலும் இறங்கும்.

சூடேறினால் இரும்பு டிரம் விரியும், ஷூவிடமிருந்து விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். மூன்றாவதாக ஆயில். சாதாரண பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான தர அளவு 140 டிகிரிதான். பல வருடம் கொட்டகையில் நின்ற காரின் ஆயில் எந்த நிலையில் இருக்கும்? அது கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர, ஷூவைத் தள்ளாது. பெடல் அப்படியே தரைக்குப் போகும்.

ஊருக்குள் ‘கொஞ்சம் கம்மி’யாகப் பிடிக்கும் பிரேக், மலையில் சுத்தமாகக் கைவிடுவது இப்படித்தான்.

பாதமே டாக்டர்

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார். வண்டியை நிறுத்தி வைத்து, பெடலை மிதித்துப் பார்ப்பார். நோய் என்ன என்பதைப் பாதமே சொல்லும்.

*முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதியில் மேலே வந்து கல் மாதிரி நிற்கிறது:* ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது அட்ஜஸ்ட் செய்தாலே போதும்.

*எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சு மாதிரி அமுங்குகிறது:* குழாயில் காற்று இருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். ஆனால், காற்று எந்த வழியாக உள்ளே போனது என்று கண்டுபிடிக்காமல் ஏர் எடுத்தால் அடுத்த மாதம் மறுபடியும் அதே கதைதான்.

*அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெள்ள மெள்ள இறங்குகிறது:* எங்கேயோ ஆயில் கசிகிறது. வெளியே கசிவே இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் போய்விட்டது.

*பெடல் நல்ல உயரத்தில் கெட்டியாக நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை:* லைனிங்கில் ஆயில் ஊறியிருக்கலாம், கண்ணாடி போல வழுவழுப்பாகியிருக்கலாம், வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். இந்தக் கார்கள் பலவற்றில் இன்றைய கார்களைப் போல பூஸ்டர் கிடையாது. கொஞ்சம் பலமாக மிதிக்கத்தான் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

*பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது:* இழுக்கும் பக்கம் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். நோய் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில்!

*கொஞ்ச தூரம் ஓடியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது:* அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கலாம். மிதிக்கும்போது அழுத்தத்தில் ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரிதான் இருக்கும். நான்கு சக்கரமும் சூடானால், பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ராடில் ‘ப்ளே’ இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரம்மைக் கழற்றும் முன்...

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் வேலை. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூசி அப்பியிருக்கும். கம்ப்ரஸர் காற்றால் அதை ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளைக் கொட்டகைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் சொட்டினால் அந்த சிலிண்டர் கசிகிறது. பின்சக்கரத்தில் ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்ஸில் சீல் கிழிந்து வந்த கியர் ஆயிலா என்று தெரிய வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் பிரேக் ஆயில், மிதந்தால் கியர் ஆயில்.

எந்த ஆயிலாக இருந்தாலும், அதில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டுவது ஏமாற்று வேலை. சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் மேலே வரும். புது லைனிங் போடுவதே சரி. அதுவும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் போடாமல், அதே அச்சில் உள்ள இரண்டு சக்கரத்துக்கும் போட வேண்டும். டிரம்மில் வரி விழுந்திருந்தால் லேத்து பட்டறையில் கடைந்து கொடுப்பார்கள். ஆனால், கம்பெனி சொன்ன அளவைத் தாண்டிக் கடைந்தால் டிரம் மெலிந்து சீக்கிரம் சூடாகும், வெடிக்கவும் கூடும்.

லாரித் தொழிலில் பேர் வாங்கிய சேலம் - நாமக்கல் வட்டாரத்தில், ஷூவுக்கு லைனிங் அடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அம்பாசடர் 2014 வரை தயாரானதால் அதன் சாமான்களைத் தேடிப் பிடித்துவிடலாம். சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்களால் பிரேக் சாமான் தயாரிப்பில் தமிழ்நாடு முன்னணி மாநிலமாகவே இருக்கிறது. 1970-களிலேயே நின்றுபோன ஸ்டாண்டர்டு கார்களுக்குத்தான் தேடல் அதிகம். சாமான் கிடைக்காத சிலிண்டருக்கு உள்ளே புது ஸ்லீவ் அடித்து மீட்கவும் வழி உண்டு. துருப்பிடித்துக் குழி விழுந்த சிலிண்டரில் புது வாஷர் மட்டும் போட்டால், அந்தக் குழி வாஷரைத் தின்றுவிடும்.

செய்யக் கூடாத மூன்று

ஒன்று, பிரேக் ஆயில் கைவசம் இல்லை என்று இன்ஜின் ஆயிலையோ வேறு எந்த ஆயிலையோ ஊற்றுவது. ரப்பர் வாஷர்கள் எல்லாம் ஊதிப்போகும். பிறகு மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை அத்தனை ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டு, சிலிண்டரையும் வாஷரையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுவது. பட்டறைகளில் இது பழக்கம். ஆனால், ரப்பருக்கு அதுவும் விஷம்தான். புது பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள்.

மூன்று, இடப்பக்க சிலிண்டரை வலப்பக்கம் மாட்டுவது. சில கார்களின் முன்சக்கரத்தில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி சிலிண்டர் இருக்கும். டிரம் சுழலும் வேகமே ஷூவை உள்ளே இழுத்து, பிடிப்பைக் கூட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. பக்கம் மாறிவிட்டால் சுழற்சி ஷூவைத் தள்ளிவிடும். எல்லாம் புதுசு போட்டும் முன்னால் போகும்போது பிரேக் மந்தமாகவும், ரிவர்ஸில் மட்டும் நன்றாகவும் பிடித்தால், இதைச் சந்தேகப்படுங்கள்.

மிதி... பிடி... விடு!

முதலில் அட்ஜஸ்டரை இறுக்கி, சக்கரம் சுற்றாமல் நின்றதும், லேசாக உரசியபடி சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். பிறகுதான் ஏர் எடுப்பது.

இது இருவர் வேலை. ஒருவர் சீட்டில், ஒருவர் சக்கரத்தடியில். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டீயரிங் காரில் பெரும்பாலும் அது இடது பின்சக்கரம். நிப்பிளில் ஒரு கண்ணாடி ட்யூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் விடுங்கள். “மிதி” என்றதும் சீட்டில் இருப்பவர் மிதித்து, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, குமிழியோடு ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே “விடு”. மூடும் முன் காலை எடுத்தால், போன காற்று திரும்பி வந்துவிடும். குமிழி நின்று தெளிவான ஆயில் வரும்வரை இதையே செய்யுங்கள். இடையிடையே மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் குறையாமல் ஊற்றுங்கள். மோரிஸ் மைனர் போன்ற கார்களில் அதன் மூடி ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருக்கும். மாதக் கணக்கில் யாரும் திறந்து பார்க்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கல்யாணத்துக்கு முன் ஒரு பரீட்சை

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை ஒரு நிமிடம் முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். துளியும் இறங்கக் கூடாது. நான்கு சக்கரத்தின் உட்புறமும், ஆயில் குழாய் முழுக்கவும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஆளில்லாத மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்துப் பாருங்கள், வண்டி நேராக நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைத் தனியாகச் சோதியுங்கள். புது லைனிங் டிரம்மோடு பொருந்த, சில நாள் சமவெளியில் நிதானமாக ஓட்டுங்கள். பிறகே மலை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதையின் பழைய பாடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள், கார் ஓடாமல் நின்றிருந்தாலும்.

இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். ஆனால், பெடலை மிதித்து நோயைத் தெரிந்துகொண்டு போனால், எது அவசியம், எது வீண் செலவு என்று உங்களுக்கே புரியும்.

50 வருடம் கடந்த வாகனங்களை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு நம்பர் பிளேட் கிடைக்கும். தாத்தாவின் காருக்கு அது பெருமைதான். ஆனால், நம்பர் பிளேட் வண்டியை நிறுத்தாது.

அடுத்த முறை யாராவது “ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சிடும்” என்றால், சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், இரண்டாவது முறை மிதிக்க நேரம் இருக்காது!